பதினாறு புள்ளிக்குள் ஒரு நண்டு: இராமநாதபுரம் கரையில் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்



இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் பக்கம் கணினி படித்துவிட்டு, இந்த மாவட்டத்து மீன் கம்பெனிகளுக்கும் ஐஸ் பிளான்ட்டுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் எழுதிக் கொடுக்கிற எல்லோருக்கும் இந்த மடல். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல், அல்லது போய்த் திரும்பி வந்து, ஊர்க்காரர்களின் தேவைக்கு நிரல் எழுதுகிறீர்கள். உங்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நீங்கள் எழுதியதைக் கடை கடையாகப் போய் நிறுவிக் கொடுப்பதும், பழுது என்றால் ஓடிப் போய்ப் பார்ப்பதும்தான் என் தொழில். அந்த உரிமையில் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகப் பேச விரும்புகிறேன். உங்கள் திரையின் மேல்வரிசையில், டூல்பாரில் நிற்கிற சின்னப் படங்கள், அந்த ஐகான்கள்.

தரவுத்தளத்தை வடிவமைக்க வாரக்கணக்கில் உட்காருகிறீர்கள். ரிப்போர்ட் சரியாக வரும்வரை தூங்குவதில்லை. ஐகானுக்கு மட்டும் டெலிவரிக்கு முந்தின இரவு. இணையத்தில் தேடி, கண்ணில் பட்டதை இறக்கி, பட்டனில் ஒட்டிவிட்டுக் காலையில் பென்டிரைவோடு வந்துவிடுகிறீர்கள். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் தரவுத்தளம் தெரியாது. அவர் நாள் முழுக்கப் பார்ப்பதும் தொடுவதும் அந்தப் படங்களைத்தான். ஐகான் மென்பொருளுக்குப் பூசுகிற வண்ணம் இல்லை, அதைப் பிடித்து வேலை செய்கிற கைப்பிடி. அதை முதல் நாளிலிருந்தே, நிஜ அளவிலேயே, இங்கே வேலை செய்கிறவர்களை வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சின்னத்தைப் பார்த்து முடிவெடுப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஐப்பசி, கார்த்திகையில் செய்தி வராத வருடம் அரிது. அந்தக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. ஒன்றும் இரண்டும் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வோ புயலோ உருவாகியிருப்பதைச் சொல்பவை. பத்து மிகப் பெரிய அபாயம். பதினொன்று, வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. கொடிமரத்தில் பகலில் ஏறுவன கூம்பும் உருளையுமான உருவங்கள். இரவில் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சொல்லும்.

இதை வகுத்தவர்கள் எதை யோசித்தார்கள் என்று பாருங்கள். தூரத்தில் இருப்பவனுக்கு நிறம் தெரியாது, வெளிக்கோடு மட்டும் தெரியும். ஆகவே பகலுக்கு நிறத்தை நம்பவில்லை, வடிவத்தை நம்பினார்கள். இருட்டில் வடிவம் தெரியாது. ஆகவே பகல் உருவத்தின் மேல் விளக்கடித்துக் காட்டலாம் என்று விட்டுவிடாமல், இரவுக்கென்று வேறு சின்னத்தையே வகுத்தார்கள். செய்தி ஒன்று, பார்க்கிற நிலைமை இரண்டு, அதனால் சின்னமும் இரண்டு. 256 புள்ளியில் அழகாக இருக்கிற ஒரு படத்தை 16 புள்ளிக்குச் சுருக்கி டூல்பாரில் போடுகிறபோது நீங்கள் தவறவிடுவது இந்த யோசனையைத்தான்.

இன்னொன்று, உங்களில் பலர் நேரில் பங்கெடுத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயர் கொண்ட வேறு பலரும் சுயேச்சைகளாக நின்றார்கள், சிலருக்கு முதலெழுத்துகூட அதே. பெயரை மட்டும் படித்து வாக்களிக்க வேண்டும் என்றால் எழுத்தறிந்தவரே தடுமாறியிருப்பார். அவருக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம். அது கிடைத்ததற்கும் ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. ஏணிச் சின்னத்தில் நின்ற இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் கே. நவாஸ்கனி வென்றார். பலாப்பழம் 3 லட்சத்துக்கும் மேல் வாக்குப் பெற்று இரண்டாமிடம் வந்தது. அதே பெயர்க்காரர்களுக்கு விழுந்தவை அதன் பக்கத்தில் வைத்துப் பேச முடியாத அளவுக்குச் சொற்பம். யாருக்கு வாக்களித்திருக்க வேண்டும் என்பது என் பேச்சில்லை. மின்னணு இயந்திரத்தின் பட்டனுக்குப் பக்கத்தில் கருப்பு மையில் அச்சிட்ட ஒரு சின்னப் படம், மூன்று வாரத்துக்குள் மக்கள் மனதில் ஏறி, ஒரே பெயர்களுக்கு நடுவில் லட்சக்கணக்கானவர்களைச் சரியான பட்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஐகானின் வேலை இதுதான்.

அந்தச் சின்னங்கள் எப்படி வந்தன என்பதையும் கேளுங்கள். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி வாக்குப்பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். பின்னாளில் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்கிற வரைவாளர் சின்னங்களைப் பென்சிலால் கையால் வரைந்தார். மின்விசிறி, சைக்கிள், தையல் இயந்திரம் மாதிரி அன்றாடம் எல்லோர் கண்ணிலும் படுகிற பொருள்கள். அவர் ஓய்வு பெற்றது 1992இல், ஆனால் அவர் கைப்பட வரைந்த சின்னங்கள் அதற்குப் பிறகும் வாக்குச்சீட்டில் நின்றன. எந்த நாட்டுப் படத்தையும் இறக்கி ஒட்டவில்லை. இந்த நாட்டு மக்கள் எதைப் பார்த்தவுடன் பெயர் சொல்வார்கள் என்று யோசித்து வரைந்தார்கள்.

இனி நம் திரைக்கு வருவோம். டூல்பார் ஐகானுக்கு நெடுங்காலமாக இருக்கிற அளவு 16க்கு 16. மொத்தம் 256 புள்ளி, அவ்வளவுதான் உங்கள் நிலம். 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில் 32க்கு 32 கட்டங்களை நிரப்பித்தான் தொடங்கினார். நிறம் கருப்பும் வெள்ளையும் மட்டும். நீங்களும் ஒரு கட்ட நோட்டு வாங்குங்கள். நம் மாவட்டத்தில் பனை ஓலைப் பெட்டி முடைகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். பூவேலை ஓலை ஓடுகிற வழியில்தான் விழும், இரண்டு ஓலைக்கு நடுவில் விழாது. புள்ளிக் கட்டமும் அப்படித்தான். ஒரு புள்ளி அகலக் கோட்டைக் கட்டத்தின் மேல் சரியாக வைத்தால் அது கருப்புக் கோடு. அரைப் புள்ளி தள்ளி வைத்தால் கணினி அதை இரண்டு கட்டத்துக்கும் பங்குபோட்டு, இரண்டு புள்ளி அகலச் சாம்பல் பூச்சாக மாற்றிவிடும். சுருக்கிய படங்கள் எல்லாம் அழுக்குப் படிந்த மாதிரித் தெரிவதற்குக் காரணம் இதுவே.

மீன் கம்பெனி மென்பொருளில் சரக்கு வகைக்குப் பட்டன் வைக்கிறீர்கள் இல்லையா, அதையே எடுத்துக்கொள்வோம். நண்டை 16 புள்ளியில் வரைந்து பாருங்கள். நிஜ நண்டுக்குக் கொடுக்கு போக, பக்கத்துக்கு நான்கு கால். நான்கையும் இடைவெளி விட்டுப் போட்டால் ஏழு வரிசை போய்விடும், கொடுக்குக்கு இடம் குறுகிவிடும். கொடுக்கு சரியாக விழாத நண்டைப் பார்க்கிறவர் சிலந்தி என்பார். ஆகவே காலை மூன்றாகக் குறைத்து, ஓட்டை அகலமாக்கி, இரண்டு கொடுக்கையும் மேலே தூக்கி விரித்துவிட வேண்டும். பார்த்தவுடன் நண்டு. 24 புள்ளியில் வரையும்போது நான்காவது காலைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். இறாலுக்கு வளைந்த முதுகும், குறுக்கே ஓடுகிற ஒற்றைப் புள்ளி மீசையும் போதும். திருக்கை இன்னும் எளிது: ஒரு சாய்சதுரம், ஒரு நீண்ட வால். கணவாயில் ஊசிக்கணவாயையும் ஓட்டுக்கணவாயையும் பிரிக்க வேண்டும் என்றால் 16 போதாது. ஒன்று கூரானது, மற்றது முட்டை வடிவம், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசத்தை அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

சூடை, சாளை, நெத்திலி? இவற்றுக்குப் படம் வேண்டாம். எவ்வளவு திறமைசாலி வரைந்தாலும் மூன்றும் வெள்ளி நிறத்தில் ஒரே சின்ன மீனாகத்தான் நிற்கும். பெயரை எழுதிவிடுங்கள். படத்தால் முடியாத இடத்தில் சொல்லை வைப்பதும் ஐகான் வேலையில் ஒரு பகுதிதான். எந்த மீனின் எந்த உறுப்பு அடையாளம் என்று சந்தேகம் வந்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1949 முதல் 1971 வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபம்தான். மீனை வரைந்து வகை பிரிக்கிற கல்வி நம் வாசலில் இருந்திருக்கிறது.

படகுக்கும் இதே கதை. எந்த ஐகான் தொகுப்பைத் திறந்தாலும் முக்கோணப் பாய் கட்டிய உல்லாசப் படகு இருக்கும், இல்லாவிட்டால் நங்கூரம், இல்லாவிட்டால் பயணிகள் கப்பல். இராமேசுவரத்துத் துறையில் நிற்கிற விசைப்படகு அதில் எதிலும் இல்லை. உயர்ந்த அணியம், ஒரு ஓட்டுநர் அறை: விசைப்படகு. தாழ்ந்த நீள உடல், அறை கிடையாது: வல்லம் என்கிற நாட்டுப்படகு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பதினாறு புள்ளியில் தெளிவாகக் காட்ட முடியும். டோக்கன் கணக்கும் டீசல் கணக்கும் விசைப்படகுக்கு வேறு, நாட்டுப்படகுக்கு வேறு என்கிற அலுவலகத்தில் இந்த இரண்டு படமும் நாள் முழுக்க உழைக்கும்.

ஏலத்துக்கு மரச்சுத்தியல் படம் போட்டிருந்த ஒரு மென்பொருளை நிறுவப் போயிருந்தேன். நம் ஊரில் மீன் ஏலம் வாய்க்குரலில் நடப்பது. சுத்தியலை யாரும் தட்டுவதில்லை. அங்கே இருந்த பையன் அதை ரிப்பேர் பட்டன் என்று நினைத்து, மென்பொருள் மெதுவாக ஓடும்போதெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் நினைத்ததில் தவறே இல்லை. இன்னொரு இடம், கீழக்கரையில் ஒரு கடை. சேமிப்புக் கணக்குக்குப் பன்றி உருவ உண்டியல் படம். முதலாளிக்குப் பன்றி ஆகாது, இருந்தாலும் கோபப்படவில்லை. அந்தப் பட்டனை மறைத்து வைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். வெளியூர்த் தொகுப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததன் பலன் அது. ஒரு மண் உண்டியலை வரைய அரை மணி நேரம் ஆகியிருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் உள்ளூர்மயமாக்கச் சொல்லவில்லை. சேமிக்கிற பட்டனுக்கு ஃபிளாப்பி படம் இருக்கிறது. ஃபிளாப்பியை உங்களில் பலர் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் மாற்றாதீர்கள். கணினி பழகிய யாரும் அதைப் பார்த்தால் சேமிப்பு என்றுதான் படிக்கிறார்கள். பழகிப்போன சின்னத்தைப் புதுமைக்காகக் கலைப்பது வேலை செய்கிறவருக்குச் செய்கிற தொந்தரவு. பிரின்டர், பூதக்கண்ணாடி, வளைந்த அம்பு இவையும் அப்படியே இருக்கட்டும். நம் ஊர்த் தொழிலுக்கே உரிய பொருளும் செயலும் வருகிற இடத்தில்தான் நம் கை வேண்டும்.

பாம்பன் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கணக்கெழுதுகிற அக்காவின் மேசை, ஐஸ் பெட்டிகளுக்கு ஐந்தாறு அடி தள்ளி. மவுஸுக்குப் பாலிதீன் உறை, ஈரக்கை படும் என்பதால். மானிட்டரின் மேல் விளிம்பில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்: எடை, பில், முன்பணம், டீசல், பிரின்ட், தொடாதே. ஒவ்வொரு சொல்லும் அதன் கீழே திரையில் இருக்கிற ஐகானுக்கு நேராக. அந்த மென்பொருளில் பட்டன்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் படம்தான். சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் மூன்று இருந்தது. ஒன்று பில்லை மூடுவதற்கு, ஒன்று பில்லை அழிப்பதற்கு, மூன்றாவது விண்டோஸின் சொந்தக் குறி, மென்பொருளையே மூடுவது. தொடாதே என்று எழுதியிருந்தது இரண்டாவதற்கு. சன்னலைச் சின்னதாக்கினால் சொல்லும் படமும் விலகிவிடும் என்பதால் அவர் அதை ஒருநாளும் சின்னதாக்கியதில்லை.

பிறகு மென்பொருளை எழுதியவர் புது வசதி ஒன்று சேர்த்து, அதற்கான பட்டனை வரிசையின் நடுவில் செருகி அனுப்பினார். எல்லாம் ஓரிடம் தள்ளிப்போயிற்று. அக்காவின் கை பழக்கத்தில் போன இடத்தில் முன்பணம் இல்லை, வேறு ஒன்று இருந்தது. ஒரு படகின் கணக்கில் ஒரே முன்பணம் இரண்டு முறை ஏறி, அதைத் திருத்துவதற்குள் படகுக்காரருக்கும் கம்பெனிக்கும் மனஸ்தாபம். அவர் புது பிளாஸ்திரி ஒட்டி மறுபடி எழுதிக்கொண்டிருந்த நாளில்தான் நான் போனேன். அந்தப் பிளாஸ்திரியில் இருந்தவை எல்லாம் உங்கள் மென்பொருளே திரையில் சொல்லியிருக்க வேண்டியவை.

ஆகவே படத்துக்குக் கீழே தமிழில் பெயர் வையுங்கள். இடம் அடைக்கிறது என்று சொல்லாதீர்கள். அகராதியில் தேடிய சொல் வேண்டாம், அந்தக் கடையில் வாயில் புழங்குகிற சொல்லையே எழுதுங்கள். பில் என்றால் பில். புதுப் பட்டனை வரிசையின் கடைசியில் சேருங்கள். அழிக்கிற பட்டனைச் சேமிக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நடுவில் இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துங்கள். மூடுவதற்கும் அழிப்பதற்கும் ஒரே குறி கூடவே கூடாது.

தமிழ்ப் பெயர் வைக்கும்போது ஒரு கவனம். ஆங்கில எழுத்துக்குக் கணக்குப்போட்டு உயரம் குறித்துவிட்டால் தமிழில் மேல் சுழியும் கீழ்க் கொக்கியும் வெட்டுப்படும். கூலி என்று எழுதினால் கூவின் வால் அறுந்துபோகும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ எழுத்துரு கூடவே வருகிறது, அதற்கு முந்தைய கணினிகளில் லதா இருக்கும். இரண்டிலும் போட்டுப் பாருங்கள். உயரத்தை எண்ணாக எழுதிப் பூட்டாமல் எழுத்துருவிடம் கேட்டு வாங்குங்கள். பட்டனுக்குள் ஒளிந்திருக்கிற அணுகல் பெயரையும் நிரப்பிவிடுங்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிற பார்வையற்ற ஒருவருக்கு, பெயரில்லாத ஐகான் வெறும் பட்டன் என்றுதான் கேட்கும். வரிசையாகப் பட்டன், பட்டன், பட்டன் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

அளவு விஷயத்துக்குத் திரும்புகிறேன், இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறீர்கள். இப்போது வருகிற 15.6 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப்கள் பல, விண்டோஸைத் திறக்கும்போதே 125 சதவீதப் பெருக்கத்தில் இருக்கும். உங்கள் 16 புள்ளி ஐகான் அங்கே 20 ஆக வேண்டும். 150 சதவீதத்தில் 24, 200இல் 32. பதினாறை இருபதாக இழுத்தால் நான்கு புள்ளி ஐந்து புள்ளியாக வேண்டும், எதைப் பெரிதாக்குவது என்று கணினிக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கலங்கலாக்கிவிடும். 16, 20, 24, 32 நான்கையும் தனித்தனியாகக் கொடுங்கள். எஸ்விஜி ஒன்றே போதும் என்று சிலர் சொல்வார்கள். 32க்கு மேல் அது நன்றாகவே உதவும். அதற்குக் கீழே எஸ்விஜியும் கட்டத்தில் விழுந்தாக வேண்டும், கோடுகள் அரைப் புள்ளியில் நிற்காதபடி நீங்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும். க்யூடியில் ஒரே ஐகானுக்குப் பல அளவுப் படங்களைச் சேர்த்துவிடலாம், பொருத்தமானதை அதுவே எடுத்துக்கொள்ளும். மென்பொருளின் சொந்த ஐகானுக்கும் இதுவே. ஐகோ கோப்பு என்பது ஒரு படம் இல்லை, பல அளவுப் படங்களை உள்ளே வைத்திருக்கிற பெட்டி. 256ஐ மட்டும் போட்டுவிட்டால் தலைப்பட்டையில் அதைச் சுருக்கி ஒரு கறையாகக் காட்டும். 16, 32, 48, 256 என்று நான்கு அளவாவது உள்ளே இருக்கட்டும்.

படங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினியின் டி டிரைவில் இருக்கிற ஃபோல்டரின் முழு முகவரியை நிரலில் எழுதிவிட்டு வந்தால், வாடிக்கையாளரின் கணினியில் டூல்பார் வெறும் கட்டங்களாக நிற்கும். படங்களை நிரலோடு சேர்த்துக் கட்டுங்கள். டாட்நெட்டில் ரிசோர்ஸ், க்யூடியில் க்யூஆர்சி, ஜாவாவில் ஜார் கோப்புக்குள். பைத்தானைப் பைஇன்ஸ்டாலரில் கட்டும்போது படங்கள் தானாக உள்ளே வராது, நீங்கள்தான் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். கோப்புப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது.

விபி 6இல் எழுதிய பழைய மென்பொருள்கள் இன்னும் நம் கடைகளில் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐகான்களை இமேஜ்லிஸ்ட்டில் அடுக்கி எண்ணால் கூப்பிடுகிற வழக்கம் அங்கே அதிகம். நடுவில் ஒரு படத்தைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்து, பிரின்ட் பட்டனில் அழிக்கிற படம் வந்து உட்காரும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.

நிறத்தைப் பற்றி. நீங்கள் குளிர்சாதன அறையில் நல்ல மானிட்டரில் பார்க்கிறீர்கள். இங்கே கதவு கடலைப் பார்த்துத் திறந்திருக்கும், மதியத்துக்கு மேல் திரையில் வெயில் அடிக்கும், மானிட்டரும் பழையது. வெளிர்சாம்பல் மேல் வெள்ளைக் கோடு போட்ட நவீன ஐகான் அங்கே இருப்பதே தெரியாது. படத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3க்கு 1 என்கிற ஒளி வேறுபாடு வேண்டும் என்று 2018இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டு நெறி சொல்கிறது. நம் வெயிலுக்கு அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். செயலில் இல்லாத பட்டனை மங்கலாக்குவதை மென்பொருள் தானே செய்துவிடும் என்று விடாதீர்கள். மங்கியதற்கும் மங்காததற்கும் வெயிலில் வித்தியாசம் தெரிகிறதா என்று போய்ப் பாருங்கள். வரவுக்குப் பச்சை அம்பு, பற்றுக்குச் சிவப்பு அம்பு என்று ஒரே திசையில் இரண்டு அம்பு வைப்பவர்களும் இருக்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒன்றை உள்ளே வருகிற மாதிரியும் மற்றதை வெளியே போகிற மாதிரியும் திருப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தவர் வரைந்ததை எடுப்பது பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாக. இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச் சொத்து இல்லை. மார்க் ஜேம்ஸ் என்பவர் ஆயிரம் சின்ன ஐகான்களை சில்க் என்ற பெயரில் எல்லோருக்கும் கொடுத்தார், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற ஒரே நிபந்தனையோடு. டாங்கோ திட்டத்தின் ஐகான்கள் பொதுச் சொத்தாகவே விடப்பட்டவை. கூகுளின் மெட்டீரியல் ஐகான்கள் அப்பாச்சி உரிமத்தில் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் உரிமத்தைப் படித்து, மென்பொருளைப் பற்றிய பக்கத்தில் வரைந்தவர் பெயரை எழுதுங்கள். தன் உழைப்பை இலவசமாகக் கொடுத்தவருக்கு நாம் தருகிற கூலி அந்த ஒரு வரிதான், அதையும் மறுக்காதீர்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் கம்பெனி அலுவலகங்களில் வேலை குறைவாக இருக்கிற நாட்கள் அவை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பெயரை மறைத்துவிட்டு, ஐகான்களை நிஜ அளவில் திரையில் காட்டி, இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று ஒரே கேள்வி கேளுங்கள். விளக்காதீர்கள், திருத்தாதீர்கள், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி நண்பர்களிடம் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

அப்படிச் சேர்ந்ததை வைத்து இந்தக் கரைக்கென்று ஒரு ஐகான் தொகுப்பு வரைவோம். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். விசைப்படகு, வல்லம், வலை, ஐஸ் கட்டி, டீசல் கேன், எடைத் தராசு, மீன் கூடை, முன்பணம், ஏலம், கருவாடு, நண்டு, இறால், திருக்கை, இரண்டு வகைக் கணவாய், மண் உண்டியல். தொடங்குவதற்கு இவை போதும். நான்கு அளவிலும் பிஎன்ஜி, கூடவே எஸ்விஜி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமம், ஒவ்வொரு படத்தோடும் வரைந்தவர் பெயர். வரையத் தெரிந்தவர் வரையட்டும், தெரியாதவர் பதினாறு புள்ளியில் எது கலங்குகிறது என்று பார்த்துச் சொல்லட்டும். நிறுவப் போகிற ஒவ்வொரு கடையிலும் அவற்றைப் போட்டுக் காட்டி, யார் எதைத் தவறாகப் படித்தார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து உங்களிடம் கொடுப்பது என் பொறுப்பு. அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் நண்டையும் விசைப்படகையும் மட்டுமாவது முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மென்பொருளைக் கடை கடையாக நிறுவுகிற ஒருவன்,
இராமநாதபுரம்